முன்னாடி போற வண்டில ஏதோ குறைன்னு தெரிஞ்சா சைக்கிள்ல போறவங்க எப்படி சொல்றது? (சேலம் – ஏற்காடு ரோடு)

கோரிமேடு சைக்கிள்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா மனசுல இருக்கற கேள்வி, இங்க கார் ஓட்றவங்க சைக்கிள் ஓட்றவங்க ரெண்டு தரப்பும் இருக்கீங்க, அதனால கேக்கறேன்.

நான் வேலைக்கு போக வர சைக்கிள் தான். லீவு நாள்ல விடியகாலைல கெளம்பி அஸ்தம்பட்டி, கோரிமேடு, கொண்டப்பநாயக்கன்பட்டி, அடிவாரம்னு போயி மலை ஏறுவேன். சைக்கிள்ல போறவனுக்கு முன்னாடி போற வண்டியோட பின்பக்கம் கண்ணுக்கு நேரா இருக்கும், காதும் மூக்கும் தெறந்தே இருக்கு, அதனால கண்ணாடி ஏத்தி ஏசி போட்டு போறவங்களுக்கு தெரியாதது நமக்கு முதல்லயே தெரிஞ்சிடுது. பிரேக் புடிக்கறாங்க லைட் எரியல, பின் டயர்ல காத்து பாதிதான் இருக்கு, டிக்கி முழுசா மூடல, கதவுல முந்தானை மாட்டி வெளிய தொங்குது, இப்படி ஏதாச்சும் ஒண்ணு தினம் கண்ணுல படும்.

பைக்ல ஸ்டாண்ட் எடுக்காம போனா நம்ம ஊர்ல யாரும் யோசிக்கறதில்ல, டீக்கடைல நிக்கறவர்ல இருந்து பஸ் ஜன்னல்ல உக்காந்திருக்கற பாட்டி வரைக்கும் "ஸ்டாண்டு ஸ்டாண்டு"ன்னு கத்திடுவாங்க, அவங்களும் தட்டி விட்டுட்டு தலைய ஆட்டிட்டு போயிடுவாங்க. கார்னு வந்தா மட்டும் ஏன் அது சண்டையா மாறுதுன்னு புரியல. போன வாரம் அஞ்சு ரோடு கிட்ட டிராஃபிக்ல ஒரு கார், மூணு பிரேக் லைட்டும் எரியல, பின்னாடி வந்த பைக் ரெண்டு தடவ மோதப் பாத்துச்சு. வண்டி நின்னப்ப நான் பக்கத்துல போயி பின் கண்ணாடிய தட்டினேன். எறங்கினவர் மொத வார்த்தையே "எங்கடா இடிச்ச"ன்னு தான் கேட்டார், கேட்டுட்டு காரை சுத்தி கோடு இருக்கான்னு பாத்தார். நான் லைட்டுன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள பின்னாடி ஹாரன் அடிக்க ஆரம்பிச்சிட்டாங்க, அவர் கெளம்பிட்டார். விஷயம் அவர் காதுல விழுந்துச்சான்னே தெரியல.

இன்னொண்ணு மலைல. நான் ஏறிட்டு இருக்கேன், மேல இருந்து எறங்கற வேன் ஒண்ணு வளைவுல என்ன தாண்டுது, பிரேக் கருகற நாத்தம் அப்படி அடிக்குது, முன் சக்கரத்துல லேசா பொகை. நான் கைய மேலயும் கீழயும் ஆட்டி நிறுத்த சொன்னா உள்ள இருந்த கொழந்தைங்க எல்லாம் டாட்டா காட்டிட்டு போச்சுங்க. அன்னிக்கு பூரா மனசு அடிச்சிக்கிட்டே இருந்துச்சு, நல்லபடியா எறங்கி இருப்பாங்க தான், ஆனா எறங்கலன்னா? பாத்தும் சொல்ல முடியலையேன்னு தான் வருத்தம்.

எதிர் பக்கமும் உண்டு. கார்ல வர்றவங்க நமக்கு எதையோ சொல்லணும்னு பின்னாடியே ஒட்டிக்கிட்டு ஹாரன் அடிப்பாங்க, நாம பயந்து ஓரம் கட்டுவோம், கடைசில பாத்தா "பேக் ஜிப் தெறந்திருக்கு"ன்னு நல்லது சொல்லத்தான் வந்திருப்பாங்க. ரெண்டு பக்கமும் நல்ல மனசு தான், போய் சேர மாட்டேங்குது. நீங்கல்லாம் எப்படி சொல்றீங்க, எத சொல்றீங்க, எத விட்டுடறீங்க?

ஆக்டிங் டிரைவர் சேலம்:

நல்ல கேள்வி தம்பி. நான் டிரைவர் வேலைதான் பாக்கறேன், சொந்த வண்டி இல்ல, யார் கூப்பிட்டாலும் அவங்க வண்டிய ஓட்றவன், அந்த பக்கத்துல இருந்து சொல்றேன்.

கண்ணாடிய தட்டினா நாங்க ஏன் எறக்க மாட்டோம்னா பயம் தான் காரணம். "சார் ஆயில் ஒழுகுது", "டயர் பஞ்சர்", "பணம் கீழ விழுந்துச்சு பாருங்க"ன்னு சொல்லி எறங்க வெச்சு அந்தப்பக்க கதவு வழியா பேக்க தூக்கிட்டு போற கும்பல பத்தி பேப்பர்ல எத்தன தடவ படிச்சிருக்கோம். பேங்க்ல இருந்து பணம் எடுத்துட்டு வர்ற பார்ட்டிய ஏத்திட்டு வரும்போது யாராச்சும் தட்டினா எங்களுக்கு கை கால் நடுங்கும். நீங்க உண்மையா சொல்றீங்கன்னு அந்த ஒரு நிமிஷத்துல எங்களுக்கு எப்படி தெரியும்? அதனால எங்கள எறங்க சொல்லாதீங்க, அது தான் முதல் விஷயம். "எறங்கி பாருங்க"ங்கற வார்த்தைய கேட்டாலே டிரைவர் உஷாராயிடுவான். "பிரேக் லைட் எரியலண்ணா, போற எடத்துல பாத்துக்கோங்க"ன்னு சொன்னா அதுல சந்தேகப்பட ஒண்ணும் இல்ல, சொல்றவன் எதையும் எதிர்பாக்கலன்னு அந்த வாக்கியத்துலயே தெரிஞ்சிடும்.

ரெண்டாவது, வண்டி மேல கை வெக்காதீங்க. பின் கண்ணாடிய தட்டினா கேக்கற சத்தம் இடிச்ச சத்தம் தான். முன்னாடி வந்து டிரைவர் கண்ணுல படற மாதிரி, ஒரு கை தூரம் தள்ளி, நின்னு சொல்லுங்க. ஹெல்மெட் கூலிங் கிளாஸ் மூஞ்சி துணி எல்லாம் போட்டிருந்தா ஒரு நிமிஷம் கண்ணாடிய கழட்டுங்க, மூஞ்சி தெரிஞ்சா பாதி பயம் போயிடும். சொல்லும்போது குறைய மொதல்ல சொல்லிடுங்க. "சார் ஒரு நிமிஷம், தப்பா நெனைக்காதீங்க, நான் பின்னாடியே வரேன்"னு இழுத்தா நாங்க சண்டைன்னு முடிவு பண்ணிடுவோம். "அண்ணா பிரேக் லைட்டு"ன்னு ரெண்டு வார்த்தை, பச்சை விழறதுக்குள்ள போதும்.

முக்கியமா ஒண்ணு கேட்டுக்கறேன். பின் சீட்ல ஓனர் உக்காந்திருந்தா கொஞ்சம் பாத்து பேசுங்க. "என்ன வண்டி ஓட்றீங்க, லைட் கூட பாக்க மாட்டீங்களா"ன்னு நீங்க ஒரு வார்த்தை விட்டுட்டு போயிடுவீங்க, அப்புறம் வழி பூரா ஓனர் எங்கள திட்டிட்டு வருவார், சில பேர் அன்னிக்கு தர்ற பேட்டாவுல கூட கை வெப்பாங்க. அது எங்க வண்டியே இல்ல, காலைல சாவிய வாங்கினப்ப தான் மொத தடவ பாத்திருப்போம். டிரைவர் பக்கம் வந்து சன்னமா சொன்னீங்கன்னா நாங்களே ஓனர் கிட்ட "சார் அந்த தம்பி நல்லது சொல்றாப்ல, பல்ப் மாத்திக்கலாம்"னு சொல்லிடுவோம். குறைய சொல்லுங்க, ஆள பத்தி எதுவும் சொல்லாதீங்க.

நீங்க சொன்ன அந்த ஆள் அன்னிக்கு என்ன மனநிலைல இருந்தாரோ விடுங்க, ராத்திரி வீட்டுக்கு போயி ஒரு தடவையாச்சும் பின்னாடி எட்டி பாத்திருப்பார்.

பட்டறை ஆளு:

மேல டிரைவர் அண்ணன் சொன்னது சரி. நான் மெக்கானிக், எத உடனே சொல்லணும் எத சிக்னல் வரைக்கும் வெச்சிக்கலாம்னு மட்டும் சொல்றேன், ஏன்னா எல்லாத்துக்கும் ஒரே மாதிரி கத்தினா கடைசில எதுக்குமே மதிப்பு இருக்காது.

பிரேக் லைட்ட பொறுத்த வரைக்கும் டிரைவருக்கு உள்ள உக்காந்துக்கிட்டு பெரும்பாலும் தெரியாது. பழைய மாதிரி பல்ப் இருக்கற வண்டிகள்ல ஒரே பல்ப்ல ரெண்டு இழை இருக்கும், 5 வாட்ஸ் ராத்திரி எரியற டெயில் லைட்டுக்கு, 21 வாட்ஸ் பிரேக்குக்கு. 21 போயிட்டாலும் 5 எரிஞ்சிட்டே இருக்கும், அதனால வீட்ல லைட்ட போட்டு பாத்தா எல்லாம் நல்லா இருக்குன்னு தான் தோணும். அவர் மேல தப்பே இல்லாம இது நடக்கும்னு சொல்றவங்க மனசுல வெச்சிக்கிட்டா பேச்சுல கோவம் வராது. ஒரு பக்கம் மட்டும் எரியலன்னா பல்ப், மூணும் எரியலன்னா பெரும்பாலும் பெடல் கிட்ட இருக்கற சுவிட்ச் இல்ல ஃபியூஸ். நீங்க சொல்லும்போது "ஒண்ணு எரியல"ன்னா "மூணுமே எரியல"ன்னா தெளிவா சொல்லுங்க, பட்டறைல நேரா அந்த எடத்துக்கு போயிடலாம். கார் வெச்சிருக்கறவங்க யாரோட தயவும் இல்லாம பாக்கணும்னா இருட்டினதுக்கு அப்புறம் வண்டியோட பின்பக்கம் சுவத்த பாத்த மாதிரி நிறுத்தி பெடல அழுத்துங்க, செவுத்துல செவப்பு கூடுதான்னு கண்ணாடில தெரியும்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, 190-வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, வண்டில குறை இருக்குன்னு தெரிஞ்சோ, இல்ல சாதாரணமா கவனிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்ங்கற நெலமையிலோ அத ரோட்ல ஓட்டி அது மத்தவங்களுக்கு ஆபத்தா இருந்தா குத்தம். ஒருத்தர் சொன்னதுக்கு அப்புறம் "எனக்கு தெரியாது"ன்னு சொல்ல வழி இல்ல. இத வெச்சு யாரையும் மெரட்ட சொல்லல, சொல்ற வார்த்தைக்கு அவ்வளவு கனம் இருக்குங்கறதுக்காக சொல்றேன்.

இப்ப மலைல பொகை விட்ட அந்த வேன். இது தான் எனக்கு கவலையான விஷயம். சேலம் கடல் மட்டத்துல இருந்து 280 மீட்டர் கிட்ட, ஏற்காடு 1500 மீட்டருக்கு மேல. 1200 மீட்டருக்கு மேல எறங்கணும், 20 கொண்டை ஊசி வளைவு, அவ்வளவு வெயிட்டயும் பிரேக் மட்டுமே தாங்கிட்டு வந்தா சூட்ட எங்க கொண்டு போறது. மொதல்ல பிரேக் பேட் சூடாகி புடிப்பு கொறையும், அப்பவும் ஓட்டிக்கிட்டே இருந்தா பிரேக் ஆயில் கொதிக்கும். டாட் 4 ஆயில் புதுசா இருந்தா 230 டிகிரி வரைக்கும் தாங்கும், மாத்தாம வருஷக்கணக்கா விட்டு ஈரம் சேந்துடுச்சுன்னா 155 கிட்டயே கொதிச்சிடும். கொதிச்சா குழாய்க்குள்ள ஆவி, ஆவிய அழுத்தினா அமுங்கும், பெடல் தரை வரைக்கும் போகும் வண்டி நிக்காது. அதனால பொகை, கருகல் நாத்தம், இது ரெண்டும் கண்ட எடத்துல தயங்காம சொல்லணும், கத்தியாச்சும் சொல்லணும், மரியாதை அப்புறம் பாத்துக்கலாம்.

என்ன சொல்லணும்னா "நிறுத்துங்க"ன்னு மட்டும் சொன்னா அவர் வளைவுலயே நிறுத்துவார். "பிரேக் பொகை வருது, ரெண்டாம் கியர் போட்டு அகலமான எடத்துல ஓரங்கட்டுங்க"ன்னு சொல்லணும். ஆட்டோமேட்டிக் வண்டியா இருந்தாலும் பெரும்பாலானதுல கீழ் கியர புடிச்சு வெக்க ஒரு வழி இருக்கு, சாதாரணமா ஓட்டற டி-யிலயே விட்டுட்டு எறங்கறவங்க தான் அதிகம். நின்னதுக்கு அப்புறம் சக்கரத்து மேல தண்ணி ஊத்தக் கூடாது, சூட்டுல இருக்கற டிஸ்க் கோணிக்கும், விரிசல் கூட விடும். பொகை வர்ற நெலமைல ஹேண்ட் பிரேக் இழுத்து விடாம கியர்ல விட்டு சக்கரத்துக்கு கல் வெச்சு அரை மணி நேரம் ஆற விடுங்க. ஏற்காடு பாத்துட்டு எறங்கறவங்களுக்கு என்ன அவசரம், கொழந்தைங்க எறங்கி காத்து வாங்கட்டும்.

ஏற்காடு பிக்கப்:

கல் வெக்கறத பத்தி பட்டறை அண்ணன் எழுதினதால நான் ஒண்ணு கேட்டுக்கறேன், வெச்ச கல்ல எடுத்துட்டு போங்க சாமி. நான் மேல இருந்து தோட்டத்து சரக்க எறக்கறவன், காப்பி மொளகு பலா எல்லாம். வளைவு திரும்பினா ரோட்டு நடுவுல தலை அளவு கல்லு, வெச்சவர் ஆற வெச்சிட்டு வண்டிய எடுத்துட்டு போயிட்டார், பின்னாடி பனில வர்ற பைக்காரனுக்கும் சைக்கிள்காரனுக்கும் அது எமன். உங்க வண்டில என்ன குறைன்னு நாங்க சொல்றோம், ரோட்டுக்கு நீங்க குறை வெக்காதீங்க.

சைக்கிள் தம்பிகளுக்கும் சொல்லணும், கோச்சிக்காதீங்க. எங்களுக்கு குறை சொல்ல வர்றவங்க பாதி பேர் சைக்கிள்ல பின் லைட் இல்ல. விடியகாலைல மேல பனி எறங்கினா பத்தடிக்கு முன்னாடி எதுவும் தெரியாது, கருப்பு டீ சர்ட், கருப்பு சைக்கிள், வளைவுல ஏறும்போது மெதுவா ஆடி ஆடி போறீங்க. நான் எத்தனையோ தடவ கண்ணாடிய எறக்கி "தம்பி பின் லைட் எரியல"ன்னு சொல்லி இருக்கேன். சில பேர் காதுல பாட்டு மாட்டி இருக்கறதால கேக்கவே மாட்டாங்க. சில பேர் "ஓவர்டேக் பண்ண எடம் இல்லன்னு திட்றான்"னு நெனச்சு கைய நீட்டி சண்டைக்கு வருவாங்க.

ஹாரன் பத்தி அந்த தம்பி கேட்டாரு. கொண்டை ஊசி வளைவுல ஹாரன் அடிக்கறது எதுத்து வர்றவங்களுக்கு தான், உங்கள திட்ட இல்ல, அத மொதல்ல பிரிச்சு புரிஞ்சிக்கோங்க. உங்களுக்கு எதாச்சும் சொல்லணும்னா நான் என்ன பண்ணுவேன்னா பின்னாடி ஒட்ட மாட்டேன். எடம் கெடைச்சதும் தாண்டி போயி, மேல அகலமா இருக்கற எடத்துல இன்டிகேட்டர் போட்டு நிறுத்தி, கைய வெளிய நீட்டி காத்திருப்பேன். நீங்க ஏறி வந்து சேர ரெண்டு நிமிஷம் ஆகும், அப்ப நின்னுட்டு இருக்கற ஆள் கிட்ட நின்னுட்டு இருக்கற ஆள் பேசறோம், சத்தம் போட வேண்டியதில்ல. ஏறி வர்றவங்களுக்கு அங்க நிக்க விருப்பம் இல்லன்னாலும் பரவால்ல, தாண்டும்போது சொல்லிடலாம். எறங்கும்போது இத செய்ய முடியாது, சைக்கிள் எங்கள விட வேகமா எறங்கும்.

இன்னொரு விஷயம் எறங்கற டூரிஸ்ட் வண்டிங்க. பெட்ரோல் மிச்சம் புடிக்கறேன்னு நியூட்ரல்ல விட்டு, சில பேர் இன்ஜினையே ஆஃப் பண்ணிட்டு எறங்கறாங்க. இன்ஜின் ஆஃப் ஆனா ரெண்டு மூணு மிதிக்கு அப்புறம் பிரேக் கல்லு மாதிரி இறுகிடும், பவர் ஸ்டியரிங்கும் வேலை செய்யாது. சத்தமே இல்லாம ஒரு கார் எறங்கினா எங்களுக்கு புரிஞ்சிடும். தொப்பூர்ல லாரிங்க மோதறதுக்கு சொல்ற காரணத்துல இந்த நியூட்ரலும் ஒண்ணு, அந்த பழக்கம் இங்க வேண்டாம். அப்படி எறங்கறவர பாத்தா நான் ஏறி வந்துட்டே கைய காட்டி "கியர் கியர்"னு கத்துவேன். சில பேர் சிரிச்சிட்டு போவாங்க, போகட்டும், பத்துல ஒருத்தர் போட்டா கூட போதும்.

சூரமங்கலம் ஸ்கூட்டர்:

எல்லாரும் அண்ணன்களா பேசறீங்க, நான் ஒண்ணு சொல்லிக்கறேன். ஸ்கூட்டர்ல போற பொண்ணுங்களுக்கு சொல்ற விஷயத்துல ஒரு சங்கடம் இருக்கு. "அக்கா துப்பட்டா"ன்னு யாராச்சும் கத்தினா நாங்க மனசார நன்றி சொல்லுவோம், சக்கரத்துல சுத்தினா கழுத்து போயிடும், அது எவ்வளவு பெரிய உதவின்னு எங்களுக்கு தெரியும். ஆனா பைக்ல ரெண்டு பேர் பக்கத்துலயே ஒட்டிக்கிட்டு சிரிச்சிட்டே எதையோ சொல்லிட்டு வந்தா, அது துப்பட்டாவா வேற எதுவுமான்னு எங்களுக்கு தெரியாது, வேகத்த கூட்டி தப்பிக்கத்தான் பாப்போம். அந்த வேகத்துல துப்பட்டா இன்னும் மோசமா பறக்கும்.

அதனால கேட்டுக்கறது என்னன்னா, ஒரு தடவ சத்தமா, எந்த பொருள்னு பேர சொல்லி சொல்லுங்க, சொல்லிட்டு தாண்டி போயிடுங்க. "துப்பட்டா", "ஸ்டாண்ட்", "இன்டிகேட்டர்". நாங்க பாத்துட்டோமான்னு தெரிஞ்சிக்க பின்னாடியே வர வேண்டாம், தூரத்துல இருந்து கண்ணாடில பாத்துக்கோங்க. கூட பொம்பளைங்க யாராச்சும் இருந்தா அவங்கள சொல்ல விடுங்க, டக்குனு கேக்கும். சைக்கிள்ல வர்றவங்க சொன்னா எனக்கு பயமே வராது, அது ஏன்னா அவங்க எப்படியும் என்ன தொடர முடியாது, அது ஒரு நல்ல விஷயம் உங்களுக்கு.

பின்னாடி சேலையோட ஒக்காந்து போறவங்கள பாத்தா தயவு செஞ்சு சொல்லாம விடாதீங்க. பின் சக்கரத்துல பாதியையாச்சும் மறைக்கற மாதிரி தடுப்பு இருக்கணும்னு மத்திய மோட்டார் வாகன விதி 123-லயே இருக்கு, ஆனா வாங்கின கொஞ்ச நாள்ல அழகுக்காக கழட்டி போட்டுடறாங்க. ஓட்றவருக்கு சொல்லாதீங்க, பின்னாடி ஒக்காந்திருக்கற அம்மாவுக்கு சொல்லுங்க, முந்தானைய எடுத்து சொருக வேண்டியது அவங்க தான். ஓட்றவருக்கு சொன்னா அவர் திரும்பி பாப்பார், வண்டி ஆடும்.

அப்புறம் பகல்ல லைட் எரியுதுன்னு வெரல விரிச்சு விரிச்சு மூடி காட்றது, அத இனிமே விட்டுடலாம்னு நெனைக்கறேன். 2017 ஏப்ரல்ல இருந்து வர்ற டூவீலர் எல்லாத்துலயும் இன்ஜின் ஓடினாலே முன் லைட் தானா எரியும், அணைக்க சுவிட்சே கெடையாது. இன்னமும் ஜங்ஷன் பக்கம் போயிட்டு வர்றதுக்குள்ள நாலு பேர் காட்றாங்க. அன்பா தான் காட்றாங்க, நானும் தலைய ஆட்டிடுவேன், ஆனா அந்த சைகைக்கு பழகிட்டதால உண்மையிலயே வேற எதையாச்சும் காட்டினாலும் "லைட்டு தான"ன்னு விட்டுடறோம்.

செவ்வாப்பேட்டை பெரியவர்:

நான் லீ பஜாருக்கு சைக்கிள்லயே போயி வந்த காலத்து ஆள். அப்ப சைக்கிள்ல லைட் இல்லன்னா போலீஸ்காரர் ராத்திரி புடிச்சு காத்த எறக்கி விடுவார், டபுள்ஸ் போனா புடிப்பார். டைனமோ வேலை செய்யலன்னா தெருவுல போறவங்களே "லைட் இல்ல, அங்க நிக்கறாங்க"ன்னு முன்னாடியே சொல்லி அனுப்புவாங்க. அது ஒரு மாதிரியான உறவு.

நீங்க எல்லாரும் தெரியாம போற குறைய பத்தி பேசறீங்க. தெரிஞ்சே போறவங்க இருக்காங்க, அவங்கள பத்தியும் நெனைக்கணும். கேரியர்ல மூட்டை கட்டிட்டு, கால தேச்சு பிரேக் புடிச்சிட்டு ஒருத்தர் போறாருன்னா பிரேக் இல்லன்னு அவருக்கு நம்ம எல்லாரையும் விட நல்லா தெரியும். அன்னிக்கு கூலி வந்தா பிரேக் கட்டை மாத்திக்கலாம்னு போறார். கார்ல இருந்து ஒருத்தர் எட்டி பாத்து "யோவ் பிரேக் இல்லாம ஏன்யா ரோட்டுக்கு வர"ன்னு கேட்டா அவர் என்ன பதில் சொல்லுவார்? பக்கத்துல நாலு பேர் பாக்கறாங்க. அவர் கிட்ட சொல்ல வேண்டியது வேற. முன்னாடி எறக்கம் இருந்தா "எறங்கி தள்ளிட்டு போங்க, கீழ வண்டி நிக்குது"ன்னு சொல்லலாம். தெரிஞ்ச கடை பக்கத்துல இருந்தா "நான் சொன்னேன்னு சொல்லுங்க, கட்டை போட்டு குடுப்பாப்ல"ன்னு சொல்லலாம், காச நீங்க அப்புறம் கடைல குடுத்துடலாம், அவருக்கு தெரிய கூட வேண்டாம். பிரேக் கட்டை என்ன பெரிய வெலையா? கைல குடுத்தா வாங்க மாட்டாங்க, கடைல சொல்லி வெச்சா மாட்டிப்பாங்க.

வயசானவங்களா இருந்தா "ஐயா", "அம்மா"ன்னு ஆரம்பிங்க. அந்த ஒரு சொல் வந்தா அதுக்கு அப்புறம் என்ன சொன்னாலும் ஏத்துப்பாங்க.

கோரிமேடு சைக்கிள்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, நான் இவ்வளவு எதிர்பாக்கல. பிக்கப் அண்ணா சொன்ன பின் லைட் விஷயம் நூத்துக்கு நூறு, எங்க குரூப்ல வெள்ளிக்கிழமையே லைட் சார்ஜ் போட சொல்லி மெசேஜ் போட சொல்றேன், இல்லாதவங்க மலைக்கு வர வேண்டாம்னும் சொல்லப்போறேன். பெரியவர் சொன்னது என்ன ரொம்ப யோசிக்க வெச்சுது. கால் தேச்சு போறவங்கள தினம் பாக்கறேன், அவங்களுக்கு தெரியும்ங்கற கோணத்துல யோசிக்கணும்னு சொன்னீங்க பாருங்க, அது பெரிய விஷயம் ஐயா.

ஸ்கூட்டர் அக்கா சொன்ன மாதிரி பேர சொல்லிட்டு தாண்டி போறது கார்க்கும் பொருந்தும்னு தோணுது. ரெண்டு சந்தேகம் இன்னும் இருக்கு. ஒண்ணு, கார் ஓடிட்டே இருக்கு, பேச முடியல, கண்ணாடில என்னைய பாக்கறார்னு வெச்சிக்கோங்க, பிரேக் லைட்ட கைல எப்படி காட்றது? ரெண்டு, பஸ்ஸுக்கு எப்படி சொல்றது? மலைல முன்னாடி போற பஸ்ஸுல பின் லைட் இல்லன்னா டிரைவர் எங்கயோ முன்னாடி இருக்கார், நான் எங்கயோ பின்னாடி.

பட்டறை ஆளு:

கைல காட்ட முயற்சி பண்ணாதீங்க தம்பி. ஓடற வண்டிக்கு பின்னாடி ஒரு கைய ஹேண்டில்ல இருந்து எடுத்து வெரல ஆட்டிட்டு வந்தா உங்க பிரேக்க யார் புடிக்கறது? அந்த காருக்கு பிரேக் லைட் இல்லன்னு தெரிஞ்ச ஒரே ஆள் நீங்க தான், மொதல்ல நீங்க தூரம் விட்டு போங்க, அது திடீர்னு நின்னா உங்களுக்கு தான் தெரியாது. அடுத்த சிக்னல்ல கெடைச்சா சொல்லுங்க. டயர் மட்டும் வேற கதை. காத்து கொறைஞ்ச டயர் பக்கவாட்டுல மடங்கி மடங்கி சூடாகும், பைபாஸ்ல வேகமா போனா வெடிக்கும், அதனால பைபாஸ் பக்கம் திரும்பப் போறார்னா எப்படியாச்சும் சொல்லிடுங்க. கைய கீழ நீட்டி எந்த பக்கத்து சக்கரமோ அத காட்டினாலே புரியும், அதுக்கு எல்லா ஊர்லயும் ஒரே சைகை தான்.

ஒரு வித்தியாசமும் சொல்லிடறேன். மலை எறங்கற கார்ல பிரேக் லைட் அணையாம எரிஞ்சிட்டே இருந்தா சுவிட்ச் மாட்டிக்கிச்சுன்னு நெனைக்காதீங்க, பெரும்பாலும் பெடல்ல கால வெச்சபடியே எறங்கறார்னு அர்த்தம். அவர் தான் இன்னும் நாலு வளைவு தாண்டி பொகை விடப்போறவர். அவருக்கு இப்பவே சொன்னா நல்லது.

ஆக்டிங் டிரைவர் சேலம்:

பஸ்ஸுக்கு டிரைவர் கிட்ட போகாதீங்க தம்பி, கண்டக்டர் கிட்ட சொல்லுங்க. பின் படிக்கட்டுல தான் பெரும்பாலும் நிப்பார். பஸ் ஸ்டாப்புல நிக்கும்போது பக்கத்துல வந்து "சார் பின் லைட் ஒண்ணும் எரியல"ன்னா அவர் எறங்கி பாத்துடுவார், அவங்களுக்கு அது வேலை, கோவப்பட மாட்டாங்க. ஓடும்போது பொகையோ சக்கரத்துல சத்தமோ இருந்தா ஜன்னல்ல இருக்கறவங்க கிட்ட சத்தமா சொல்லுங்க, அவங்க கண்டக்டர கூப்பிடுவாங்க, அவர் ஒரு விசில் அடிச்சா டிரைவர் ஏன் எதுக்குன்னு கேக்காம ஓரங்கட்டிடுவார். வண்டி நம்பர் மட்டும் ஞாபகம் வெச்சிக்கோங்க, ஸ்டாப் வர்றதுக்குள்ள பஸ் போயிட்டா பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பர் இருந்தா அவர் கிட்ட நம்பரோட சொன்னா அடுத்த டிரிப்புக்கு முன்னாடி பாத்துடுவாங்க.